நிரம்பாத கேன்

“தெருவே கேனை விளிம்பு வரைக்கும் நிரப்பிக் குடுத்துச்சு. உனக்கு மட்டும் என்னடி வந்துச்சு, பாதிக் கேனைக் குடுத்து அனுப்பியிருக்கே?”

“குடிச்ச அளவைத்தானே ஊத்தச் சொன்னாங்க, அத்தை. நான் குடிச்சது அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னா? மருமகளுக்குத் தண்ணிகூடக் குடுக்காத வீடுன்னு ஆபீஸ்ல நினைச்சுக்கட்டும், அப்படித்தானே? அது போதாதுன்னு அதுல ஈயம் வேற!”

“ஈயத்தை நானா போட்டேன்?”

“யாரு கண்டா?”

இந்த இடத்தில்தான் நான் கொடியில் காயப்போட்ட துணியை எடுத்து, உதறி, மறுபடியும் அதே கொடியில் போட ஆரம்பித்தேன். வேறு வேலை இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அதைக் கட்டிய கொத்தனார் சிமெண்டில் தாராளமாகக் கை வைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். காதைப் பொத்திக்கொண்டா வாழ முடியும்?

சத்தம் போட்டது மாமியார். தெருவில் அவருக்கு ‘மேற்பார்வை’ என்று பெயர். யார் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, யார் குப்பையை யார் வாசலில் தள்ளினார்கள் என்று எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பவர். (நான் அப்படியில்லை. எனக்குத் தானாகக் காதில் விழுவதுதான்.) பதில் சொன்னது மருமகள். ஆயத்த ஆடைக் கடைக்கு வீட்டிலிருந்தே சட்டைக் காலர் தைத்துக் கொடுக்கிற பெண். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அந்தத் தையல் மெஷின் சத்தம் எங்கள் சமையலறைச் சுவரில் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். நடுநடுவே நின்றால், குழந்தை அழுதிருக்கிறது என்று அர்த்தம். தவழ ஆரம்பித்திருந்த பெண் குழந்தை, புட்டிப்பால்தான். தாய்ப்பால் போதவில்லை. அதற்கும் மேற்பார்வையிடம் ஒரு கருத்து இருந்தது, அதை விடுங்கள்.

“ஏம்மா, தெருமுனையிலயே கேக்குது” என்று சொல்லிக்கொண்டே மகன் உள்ளே வந்தான். பஸ் ஓட்டுநர். நாள் முழுக்க ஹார்ன் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவன், வீட்டிலாவது யாராவது ஹார்னை எடுத்தால் தேவலை என்ற முகம்.

“உன் பொண்டாட்டிகிட்டயே கேளு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அடுத்த வாரம் வராங்க. நம்ம வீட்டுத் தண்ணியில விஷம்னு தெருவெல்லாம் பேசுது. உன் தங்கச்சிக்கு இனிமே இடம் அமைஞ்ச மாதிரிதான்.”

ஓட்டுநர் முகம் கழுவப் போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அது பாதியில் நின்றதும் கேட்டது. அந்தத் தண்ணீரில் முகம் கழுவலாமா கூடாதா என்று யோசித்திருப்பான், பாவம்.

விஷயம் இதுதான். அதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் தள்ளுவண்டியில் வெள்ளைக் கேன்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர் ஆபீஸுக்காகச் சோதனை பண்ணுகிற ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்பியவள். நாங்கள் கேன்காரம்மா என்றோம். எங்கள் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் ஏறிய எத்தனையாவது படியோ எங்களுடையது.

“வீட்டுக்கு ஒருத்தர். ரெண்டு நாளைக்கு நீங்க எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்களோ, அதே அளவு, அதே தண்ணி, இந்தக் கேன்லயும் ஊத்தணும். நீங்க ஒரு டம்ளர் குடிச்சா கேனுக்கு ஒரு டம்ளர். டீ போட்டா, டீக்கு எடுத்த அளவு. எப்பவும் எப்படிக் குடிப்பீங்களோ அப்படியே குடிங்க. புதுசா ஒண்ணும் பண்ணாதீங்க.”

“குழாய்த் தண்ணிய ஒரு பாட்டில் புடிச்சுக்கிட்டுப் போனாப் பத்தாதா?” என்று கேட்டேன்.

“குழாயில என்ன இருக்குன்னுதான் அதுல தெரியும். உங்க வயித்துக்குள்ள எவ்வளவு போகுதுன்னு தெரியாதே. அரை டம்ளர் குடிக்கறவங்களும் அண்டா குடிக்கறவங்களும் ஒண்ணா?”

ஈயம், செம்பு, நிக்கல் என்று என்னென்னவோ சொன்னாள். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் வருடக்கணக்கில் போனால் உடம்பில் தங்குமாம். எந்தத் தெருவில் அதிகம் பேருக்கு அது போகிறதோ, அந்தத் தெருவில் மண்ணுக்கு அடியில் கிடக்கிற பழைய ஈயக் குழாயைத் தண்ணீர் ஆபீஸ் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போடும். இதை அவள் தெளிவாகத்தான் சொன்னாள். எங்கள் காதில் விழுந்தது மட்டும் வேறு மாதிரி. ஆபீஸிலிருந்து கேன் வந்திருக்கிறது, அது ஆபீஸுக்குத் திரும்பிப் போகும், அங்கே அதைச் சோதிப்பார்கள் என்பது வரைக்கும் விழுந்தது. சோதனை என்றால் பாஸ், பெயில் இல்லாமலா?

முதலில் கிளம்பியது தலைக்கணக்கர். ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகியும், பனியன் போட்டுக்கொண்டு பேப்பர் வாங்கப் போகும்போதுகூட ஆபீஸுக்குப் போகிற நடைதான். அவர் கேனை எடுத்துக்கொண்டு நேராகத் தெருக்கோடியில் இருக்கிற சலவைக்கடைக்குப் போனார். சலவைக்காரர் அப்போதுதான் ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினால் எப்பேர்ப்பட்ட கடினத் தண்ணீரையும் அது மென்மையாக்கித் தரும்; சோப்பு நுரைத்துக்கொண்டு வரும், வெள்ளைச் சட்டை பழுப்பேறாது. தெருவிலேயே உயர்ந்த தண்ணீர் அதுதான் என்பது எல்லோருடைய அபிப்பிராயம்.

“ஆபீஸுக்குப் போற பொருள். பாத்துத்தானே குடுக்கணும்” என்று திரும்பி வரும்போது தலைக்கணக்கர் சொன்னார். கேன் விளிம்பு வரை நிரம்பி, மூடிக்கு அடியில் தளும்பியது.

அவ்வளவுதான். அவரைப் பார்த்து எதிர்வீடு, எதிர்வீட்டைப் பார்த்து மாடிவீடு. துணி வாங்கப் போகிற சாக்கில் கேன், நடை பழகுகிற சாக்கில் கேன். என் கேனும் அங்கேதான் நிறைந்தது. விருந்தாளிக்கு நீட்டுகிற டம்ளரை இன்னொரு தடவை கழுவி நீட்டுவதில்லையா, அந்த மாதிரிதான். அரைக் கேனைத் திருப்பிக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று எல்லோரும் முழுசாகவே நிரப்பினோம். சலவைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்க அவருக்கு நேரம் இருந்தால்தானே.

பக்கத்து வீட்டில் மட்டும் இது நடக்கவில்லை. மேற்பார்வை அந்த இரண்டு நாளும் ஊரில் இல்லை. மகள் கல்யாண விஷயமாகத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. மருமகள்தான் கேனும் தானுமாக இருந்தாள். இரண்டாம் நாள் நான் எட்டிப் பார்த்தபோது வாயில் நூலைக் கடித்தபடி தைத்துக்கொண்டிருந்தாள். அரை டம்ளர் தண்ணீர் பிடித்தாள், நின்றபடியே குடித்தாள், இன்னொரு அரை டம்ளர் பிடித்துக் கேனில் ஊற்றினாள். கேனில் பாதிகூட இல்லை.

“என்னம்மா இது, இதையா குடுக்கப் போறே? சலவைக்கடையில போய் ஒரு புடி புடிச்சுக்கிட்டு வந்துடு. எல்லாரும் அங்கதான் புடிச்சாங்க.”

“அவ்வளவு தூரம் கேனைத் தூக்கிட்டு நடக்கத் தெம்பில்லக்கா. குழந்தையையும் இடுப்புல வச்சுக்கணும். குடிச்சதை ஊத்தியிருக்கேன். இருக்கறது இருக்கட்டும்.”

அப்புறம் ஒரு காலையில் கேன்காரம்மா முடிவோடு வந்தாள். எங்கள் வீட்டில் வாசலில் நின்றபடியே “உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் சுத்தம்” என்றாள். பாஸ். தலைக்கணக்கரும் பாஸ், எதிர்வீடும் பாஸ். பக்கத்து வீட்டுக்கு மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைச் சாத்தி என்ன பயன், சுவர் அப்படியேதானே இருக்கிறது.

“இருக்க வேண்டியதைவிட ஈயம் நிறைய இருக்கு” என்றாள். “நீங்க தண்ணி குடிக்கறதே கொஞ்சம். அதுலயே இவ்வளவு. புட்டிப்பால் கலக்கறதும் இதே குழாய்தானே? சின்ன உடம்பு. எடைக்கு எடை பாத்தா, உங்களைவிடக் குழந்தைக்குத்தான் அதிகம் போகும்.”

மெஷின் சத்தம் இல்லை. குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“நல்லா கொதிக்க வச்சுத்தான் கலக்கறேன்.”

“கொதிக்க வச்சா கிருமி போகும். ஈயம் போகாது. தண்ணி வத்த வத்த அது இன்னும் கெட்டியாகும்.”

“அப்போ குழாயை மாத்துவாங்களா?”

“அதான் சிக்கல். மத்த பதினோரு வீடும் சுத்தமா வந்திருக்கு. தெருக் குழாய் சரியா இருக்கு, உங்க வீட்டுக்குள்ள இருக்கற குழாய்லதான் கோளாறுன்னு முடிவு பண்ணிட்டாங்க. உங்க வீட்டுக் குழாயை நீங்கதான் பாத்துக்கணும். குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பாத்துடுங்க. அதுவரைக்கும் வேற தண்ணி குடுங்க.”

அன்று சாயங்காலம் நடந்ததுதான் மேலே நான் சொன்ன சண்டை.

மறுநாள் ஓட்டுநர் லீவு போட்டுச் சமையலறைச் சுவரை உடைத்தான். தூசி எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் எல்லாம் வந்து படிந்தது. சுவருக்குள் இருந்தது அவன் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பிளாஸ்டிக் குழாய். புத்தம் புதுசு மாதிரி இருந்தது. வாசல் வரைக்கும் தோண்டிப் பார்த்தான், அதுவும் அப்படித்தான். வாசலுக்கு வெளியே, தெருவுக்கு அடியிலிருந்து வந்து சேர்கிற துண்டுதான் சாம்பல் நிறத்தில் இருந்தது. சாவியால் சுரண்டினால் வெள்ளியாகப் பளபளத்தது. அதே மாதிரித் துண்டுதான் எங்கள் வாசலுக்கும் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு நான் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தேன். பிடித்துவிட்டு, குடிக்காமல் சிங்கில் கொட்டினேன்.

மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஆபீஸுக்குப் போனாள். ரத்தப் பரிசோதனைக்கும் அப்படியே போய்விட்டு வந்தாள். வரும்போது என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

“என்னம்மா சொன்னாங்க?”

“ரத்தத்துல கொஞ்சம் ஏறியிருக்குதாம். அந்தத் தண்ணிய நிறுத்திட்டு, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் எடுத்துப் பாக்கணுமாம்.” குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “ஆபீஸ்ல, பதினோரு வீட்டுலயும் இல்லாதது உங்க வீட்டுக்கு மட்டும் எப்படிம்மா வரும்னு கேக்கறாங்க. எல்லாரும் சலவைக்கடையில புடிச்சுக் குடுத்தாங்கன்னு சொன்னேன். சிரிக்கிறாங்க. அக்கா, நீங்க ஒருத்தர் வந்து சொல்லுங்களேன்.”

“எனக்கென்னம்மா, எல்லாரும் சொன்னா நானும் சொல்லிட்டுப் போறேன்” என்றேன். எல்லோரும் இதையேதான் சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்படி ஒரு ஒற்றுமை எங்கள் தெருவில்.

வீட்டிலும் வாயைத் திறக்க விடவில்லை மேற்பார்வை. “தெருவே திருட்டுத்தனம் பண்ணிடுச்சுன்னு நீ போய் எழுதிக் குடுத்துட்டு வந்துடு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்கடி விசாரிப்பாங்க? இந்தத் தெருவுலதானே? நம்மளப் பத்தி நாலு நல்ல வார்த்தை யாரு சொல்லுவா?”

“அப்போ குழந்தை, அத்தை?”

“அதுக்கு உன் புருஷன் தண்ணி கொண்டுவந்து குடுக்கறானே!”

கொண்டுவந்தான்தான். பஸ் பணிமனைக்கு வேறு பக்கத்திலிருந்து வருகிற குழாய், புதுசு. ஷிஃப்ட் முடிந்து வரும்போது இரண்டு கையிலும் பாட்டில் பாட்டிலாகத் தூக்கிக்கொண்டு வருவான். இரவு ஷிஃப்ட் என்றால் காலையில் தண்ணீர் இல்லை. அப்போது மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும், அவளிடம் காலர் வாங்குகிற கடைக்காரர் வீட்டுக்குப் போவாள், காலர் கட்டு ஒரு கையில், பாட்டில் ஒரு கையில். மெஷின் சத்தம் நடுநடுவே அதிகமாக நிற்க ஆரம்பித்தது. அவள் தனக்கென்று அந்தத் தண்ணீரில் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. எல்லாம் புட்டிக்குத்தான். அவள் குடித்தது வீட்டுக் குழாயில்தான், அதே அரை டம்ளர்.

“இங்க இருக்க வேண்டாங்க, எங்கயாவது போயிடலாம்” என்று அவள் சொன்னதும் கேட்டது. “தங்கச்சி கல்யாணம் முடியட்டும்” என்று ஓட்டுநர் சொன்னதும் கேட்டது. அதற்குமேல் இருவருக்கும் பேசத் தெம்பில்லை போலிருக்கிறது. யாரோ ஒருவர் உடனே குறட்டை விட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். மேற்பார்வை வாசல் வரை போய் வரவேற்றார். நான் அப்போது தற்செயலாக ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் வாங்கப் போயிருந்தேன்; அதனால் எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்த்தேன். மகள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மா மகளின் படிப்பைக் கேட்டாள், வேலையைக் கேட்டாள், தலைமுடியைப் பாராட்டினாள். டீயைத் தொடவில்லை.

“எடுத்துக்குங்க சம்பந்தி, ஆறிடப் போகுது.”

“இருக்கட்டும். இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்.”

“ஒரு வாய்...”

“வயிறு நிறைஞ்சிருக்கு.”

டீயில் ஆடை படிந்து சுருங்கியது. மேற்பார்வை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கிளம்பும்போது, “பெரியவங்ககிட்டப் பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்” என்றாள். அப்படிச் சொன்னவர்கள் சொல்லி அனுப்பியதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. மகள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பையனுக்குப் பேச்சே வரலை, போன்ல மூச்சு மட்டும்தான் வரும்” என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு குரல்கூட உயரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் கேன்காரம்மா திரும்பவும் வந்தாள். வண்டி இல்லை, கேன் இல்லை. ஒரு குதிகாலில் இருந்த பிளாஸ்திரி இப்போது இரண்டிலும் இருந்தது. வீடு வீடாக ஏறுகிற சக்தி இல்லை போல, தெரு நடுவில், சலவைக்கடைக்கு எதிரில் நின்று எல்லோரையும் கூப்பிட்டாள்.

“உங்க தெருவுல பன்னிரண்டு வீடு. பதினோரு வீட்டுலயும் ஒரே தண்ணி. அசப்புல ஒண்ணு இல்ல, அப்பட்டமா ஒண்ணு. ஆராய்ச்சிக்காரங்க முதல்ல ஈயத்தை மட்டும் பாத்துட்டு விட்டுட்டாங்க. அப்புறம் மத்ததையும் வரிசையா வச்சுப் பாத்தா, சுண்ணாம்புச் சத்து சொட்டுக்கூட இல்ல, உப்பு மட்டும் ஏகத்துக்கு இருக்கு. அது எந்த வீட்டுக் குழாய்லயும் வராத தண்ணி.”

ஆளாளுக்குத் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டோம்.

“சரி, அளவையாவது பாப்போம். பதினோரு பேரும் ஒரு சொட்டு கூடாம குறையாம ஒரு முழுக் கேன் குடிச்சிருக்கீங்க. ஐயா,” தலைக்கணக்கர் பக்கம் திரும்பினாள், “இந்த வயசுல அவ்வளவு குடிச்சா நீங்க அந்த ரெண்டு நாளும் பாத்ரூம்லயே படுக்கை போட்டிருக்கணும்.”

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது. சலவைக்காரர் மட்டும் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். “சுண்ணாம்பு இல்ல, உப்பு இருக்குன்னா... நம்ம மெஷின் தண்ணி மாதிரி இருக்கே!” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பிறகுதான் அவருக்கே உறைத்தது. “துணி துவைக்கற தண்ணியவா எல்லாரும் குடிக்கிறீங்க?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். சுண்ணாம்பை எடுக்கற மெஷின் ஈயத்தையும் சேத்து எடுத்துடும்” என்றாள் கேன்காரம்மா. குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். “உங்களைத் திட்ட வரல. எனக்கு இன்னும் நாலு தெரு இருக்கு. எங்க புடிச்சீங்கன்னு யாராவது ஒருத்தர் உள்ளதைச் சொன்னா, மறுபடியும் கேன் குடுத்து முதல்லேருந்து எடுப்பாங்க. சொல்லலைன்னா இந்தத் தெருவையே கணக்குலேருந்து தூக்கிடுவாங்க. அப்புறம் குழாய் மாத்தற பேச்சே இங்க கிடையாது.”

நான் தலைக்கணக்கரைப் பார்த்தேன். அவர் எதிர்வீட்டைப் பார்த்தார். எதிர்வீடு ஆகாயத்தைப் பார்த்தது. மருமகள் தன் வீட்டு வாசலில் குழந்தையோடு நின்றிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, மாமியாரை மட்டும் பார்த்தாள். “அத்தை” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மேற்பார்வை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

“யாரும் சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன் கேட்டுக்கம்மா. இதோ நிக்கறாரே பெரிய மனுஷர், இவருதான் முதல்ல. அப்புறம் அந்த வீடு, அதுக்கப்புறம் அந்த மாடி. என் சுவத்துல காதை ஒட்டவச்சுக்கிட்டே குடித்தனம் நடத்துதே, இந்த அம்மாவும்தான்.” (என்னைத்தான்.) “எல்லாரும் சலவைக்கடைக் குழாய்ல புடிச்சு, ஆபீஸுக்குப் படம் காட்டினாங்க. உள்ளதை உள்ளபடி ஊத்தினவ இந்தத் தெருவுல ஒருத்திதான். என் மருமக! அதுக்குப் பரிசு என்ன தெரியுமா? என் வீட்டுல டீ குடிக்க ஆள் இல்ல!”

பாதிக் கேன் கொடுத்ததற்காகக் கத்திய அதே வாய்தான். அதே உச்சஸ்தாயி. தெருவில் ஒருவருக்கும் அதைச் சொல்லிக்காட்டத் தைரியம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. தலைக்கணக்கர் தொண்டையைக் கனைத்து, “ஆபீஸ் விவகாரமாச்சேன்னு...” என்று ஆரம்பித்தார். மேற்பார்வை ஒரு பார்வை பார்த்தார். “ஆமாம்மா, அங்கதான் புடிச்சேன்” என்று முடித்தார். அதன் பிறகு எல்லோரும் நான், நான் என்று ஒத்துக்கொண்டோம். பதினோரு குரல், அதிலும் ஒற்றுமைதான்.

கூட்டம் கலைந்ததும் மருமகளிடம் போனேன். “பாத்தியா, கடைசியில உன் நேர்மைதான் ஜெயிச்சுது.”

“நேர்மையெல்லாம் இல்லக்கா” என்றாள். “அன்னைக்கு நடக்க முடியல. முடிஞ்சிருந்தா நானும் அங்கதான் புடிச்சிருப்பேன்.” குழந்தை அவள் தோளில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்காமல் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது.

மறுபடியும் கேன் வந்தது. இந்தத் தடவை தெருவுக்கே பயம். ஒரு சொட்டு கூடிவிடக் கூடாது என்று எதிர்வீட்டுக்காரர் மருந்துக் குப்பி மூடியால் அளந்து ஊற்றினார். மேற்பார்வை தன் பெயருக்கே கேனை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையும் மேற்பார்வை பார்த்தார். முடிவு வந்தபோது பன்னிரண்டு கேனிலும் ஈயம். தலைக்கணக்கருடையதில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். விடிவதற்கு முன்னால் எழுந்து, இரவு முழுக்கக் குழாயில் தேங்கிக் கிடந்த முதல் தண்ணீரில் டீ போட்டுக் குடிக்கிறவர் அவர். தெருவில் முதலில் எழுந்திருப்பவர் என்று அத்தனை காலம் அவர் அடித்துக்கொண்ட தம்பட்டம் அன்றோடு நின்றது.

குழாய் மாற்றுவதாக எழுதினார்கள். எழுதியது ஒரு காலம், தோண்டியது ஒரு காலம். நடுவில் லாரியில் தண்ணீர் வந்தது, வரிசையில் நின்றோம், மழை வந்தது, லாரி வரவில்லை, தெருவைத் தோண்டினார்கள், பள்ளத்தில் தலைக்கணக்கர் விழுந்தார், எழுந்தார். கடைசி வீட்டுக்குப் புதுக் குழாய் வந்து சேர்ந்தபோது அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது.

ஆனால் அது நடந்தது எங்கள் தெருவில் இல்லை. லாரிக் காலத்திலேயே ஓட்டுநர் பணிமனைக் குடியிருப்பில் ஓர் அறை வாங்கிக்கொண்டு மனைவி, குழந்தை, தையல் மெஷினோடு போய்விட்டான். தங்கை கல்யாணம் வரைக்கும் என்றானே, அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. குழந்தைக்கு இரண்டாவது தடவை ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இறங்கியிருக்கிறது என்றார்களாம். முழுக்க இறங்க இன்னும் நாளாகும் என்றும் சொன்னார்களாம். எப்போதாவது மாமியாரைப் பார்க்க வருகிறார்கள். மேற்பார்வை புதுக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து விளிம்பு வரை நிரப்பி நீட்டுகிறார். மருமகள் பாதி குடித்துவிட்டு வைக்கிறாள். “மீதியையும் குடி, மீதியையும் குடி” என்கிறார் மேற்பார்வை. புட்டிக்கு மட்டும் அவள் பையிலிருந்து தன் பாட்டிலை எடுக்கிறாள். அதைப் பார்த்தும் மேற்பார்வை ஒன்றும் சொல்வதில்லை.

மகளுக்குக் கல்யாணம் ஆனது. மூச்சு மட்டும் விடுகிற அந்தப் பையனோடு அல்ல. கேன் விவகாரத்துக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி அந்த வீட்டுக்குக் கொஞ்ச நாள் இலவசமாகத் துவைத்துக் கொடுத்தார் சலவைக்காரர். துணியைக் கொண்டுவந்து கொடுத்தது அவருடைய தம்பி, அந்த உப்பு மெஷினைப் பழுது பார்க்கிறவன். கொண்டுவந்து கொடுக்க அவனுக்கு ஏன் அவ்வளவு நேரமாகிறது என்று முதலில் கவனித்தது நான்தான். கல்யாணம் நிச்சயமான பிறகு பழைய மாப்பிள்ளையின் அம்மா, குழாய்தான் மாற்றிவிட்டார்களாமே, மறுபடியும் பேசலாமா என்று சொல்லி அனுப்பினாள். “வேணாம், நாங்க இப்பத்தான் குடிச்சுட்டு வந்தோம்னு சொல்லு” என்று பதில் போனது. கல்யாணம் முடிந்ததும் மகளும் மருமகனும் வேறு ஊரில் சொந்தமாகக் கடை போட்டுப் போய்விட்டார்கள்.

கேன்காரம்மாவை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள், அங்கே தெருக்களெல்லாம் மேடாம். தலைக்கணக்கர் மகன் வீட்டோடு போய்விட்டார். பக்கத்து வீட்டில் இப்போது மேற்பார்வை மட்டும்தான். மெஷின் சத்தம் இல்லை, குழந்தை சத்தம் இல்லை, சண்டை போட ஆள் இல்லை. சுவர் மட்டும் அதே சுவர். காலையில் அவர் குழாயைத் திறந்து, தேங்கிய தண்ணீர் போகட்டும் என்று கொஞ்ச நேரம் ஓடவிடுவது கேட்கிறது. பிறகு ஒரு டம்ளர் பிடிக்கிற சத்தம். அதோடு சரி.